லியாண்டர் பர்வாவின் அரை நிமிஷம்

மே மாத வெயிலில் ஒருவன் பழுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, கழுத்தெல்லாம் வியர்வை வழிய, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினால் எங்கள் ஆக்டேவ் ஊரில் யாரும் அவனைப் பைத்தியம் என்று சொல்ல மாட்டார்கள். பைலட் வேலைக்கு ஓட்டுக் கேட்கப் போகிறான் என்று அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். லியாண்டர் பர்வா அந்தக் கோட்டோடு ஐந்து வருஷம் நடந்தான். அதே கோட்டைத்தான் சாவு வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போவான். அவன் மனைவி வெர்னா அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போதெல்லாம், "இன்னிக்கு யாரு செத்தா, உன் மானமா?" என்று கேட்பாள்.

மிசிசிப்பி ஆறு கடலில் விழுவதற்கு முன்னால் வளைகிற கடைசி வளைவுகளில் ஒன்றில்தான் ஆக்டேவ் இருக்கிறது. கடலிலிருந்து வருகிற கப்பல் எவ்வளவு பெரியதாக இருக்கட்டும், அதன் கேப்டன் உலகத்தைப் பத்து முறை சுற்றியவராக இருக்கட்டும், இந்த ஆற்றுக்குள் நுழைந்தால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். எங்கள் ஊர் ஆள் ஒருவர் கயிற்றேணியில் ஏறிப் போய் அவர் பக்கத்தில் நின்று, இடது, வலது, மெல்ல, நிறுத்து என்று சொல்லிச் சொல்லித்தான் கப்பல் மேலே போகும். அவர்தான் பைலட். நேற்று ஆழமாக இருந்த இடத்தில் இன்று மணல் மேடு கிடக்கும். அது பைலட்டுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஊரில் செங்கல் வீடு என்றாலே பைலட் வீடு. கோயிலில் முதல் வரிசை அவர்களுடையது. அவர்கள் கார் வந்தால் பாதிரியாரே ஒதுங்கி வழி விடுவார்.

பைலட் ஆவது எப்படி என்று சட்டப் புத்தகத்தைக் கேட்டால் நன்றாகத்தான் சொல்லும். இத்தனை வருஷம் படகோட்டியிருக்க வேண்டும், இன்ன பரீட்சை எழுதியிருக்க வேண்டும், நாற்பது வயது ஆகியிருக்கக் கூடாது. அதெல்லாம் முடிந்த பிறகு கீழ்வளைவுப் பைலட் சங்கம் ஓட்டுப் போடும். அங்கேதான் இருக்கிறது விஷயம். இருபத்தேழு பேர், பதினான்கு ஓட்டு வாங்கியாக வேண்டும். அந்த இருபத்தேழு பேரில் பத்தொன்பது பேர் பைலட்டுகளின் மகன்கள், ஐந்து பேர் மருமகன்கள். மீதி மூன்று பேர் எப்படி உள்ளே வந்தார்கள் என்று கேட்டால் பெரியவர்கள் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

லியாண்டரின் அப்பா சிப்பி அள்ளுகிறவர். பதினாறு வயதில் லியாண்டர் டக் என்கிற இழுவைப் படகில் கயிறு பிடிக்கப் போனான். முப்பதில் 'மிஸ் யூலலி' என்ற டக்கின் கேப்டன் ஆனான். பெரிய கப்பல்களைத் துறை மேடையோரம் தள்ளி இழுத்துச் சேர்ப்பதுதான் அந்தப் படகின் வேலை. பைலட் பரீட்சையில் வெறுந்தாளைக் கொடுத்து அறுபது மைல் ஆற்றை நினைவிலிருந்து வரையச் சொல்வார்கள். லியாண்டர் ஒவ்வொரு வளைவையும் விளக்கையும் ஆழத்தையும் வரைந்தான். பரீட்சை நடத்தியவரின் படத்திலேயே இல்லாத ஒரு மூழ்கிய பார்ஜையும், அதாவது தட்டையான சரக்குப் படகையும், சேர்த்து வரைந்தான். அதற்கு மார்க்கைக் குறைத்தார்கள். மூன்று மாதம் கழித்து ஒரு கப்பல் அதில் உரசிய பிறகு அரசாங்கப் படத்தில் அந்தப் பார்ஜைக் குறித்தார்கள். மார்க்கைத் திருப்பித் தரவில்லை.

முதல் வருஷம் அவனுக்கு மூன்று ஓட்டு. அப்புறம் ஆறு, ஒன்பது, பதினொன்று. ஏறிக்கொண்டுதானே இருக்கிறது என்பான். அந்த எட்டு ஓட்டு ஏறுவதற்கு அவன் என்னென்ன செய்தான் என்பது ஊருக்கே தெரியும். புயலில் போன வாத்து வேட்டைக் குடிசைகளுக்குக் கூரை போட்டான். நண்டு வேக வைக்கிற விருந்துகளில் அடுப்புப் பக்கமே நின்றான். சங்கத் தலைவர் ஆன்சில் ரேகஸின் மனைவி இறந்தபோது பெட்டி தூக்கிய ஆறு பேரில் இவன் ஒருவன். டக்கின் எஞ்சின்காரன் ஆப்ரி கிண்டல் பண்ணுவான்.

"கேப்டன், பைலட் வீட்டு நாய்ங்கல்லாம் உன்னைப் பாத்து வாலாட்டுது. அதுங்களுக்கு ஓட்டு இருந்தா எப்பவோ ஜெயிச்சிருப்ப."

"சிரிடா, சிரி. நான் மேல ஏறி நின்னு உனக்கு ஆர்டர் போடறப்ப பாரு."

"போடு. உன் ஆர்டராவது நேரத்துக்கு வரும்."

நான் இந்தக் கதையைச் சொல்கிற வருஷத்தில் லியாண்டருக்கு முப்பத்தொன்பது வயது. நவம்பரில் நாற்பது. மே மாத ஓட்டுத்தான் கடைசி. ஆனால் அந்த வருஷம் இரண்டு இடம் காலி. ஒன்று ஆன்சிலின் தங்கை மகன் டேரிலுக்கு. அதை டேரில் பிறந்த அன்றே முடிவு செய்துவிட்டார்கள். இன்னொன்று யாருக்கு என்பது தெரியாது. லியாண்டர் படுத்தால் அந்த இன்னொன்றைத்தான் நினைத்தான், எழுந்தாலும் அதைத்தான் நினைத்தான்.

மார்ச்சில் வடக்கே பனி உருகி ஆறு பொங்கி வந்தது. அப்படி ஒரு நாள் காலை, சோளம் ஏற்ற ஒரு கிரேக்கக் கப்பல் வந்தது. மேலே பைலட்டாக ஆன்சில் ரேகஸ் நின்றார். லியாண்டரின் டக் கப்பலின் வெளிப்பக்க மூக்கில் கயிறு போட்டு ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளத்தை எதிர்த்து வருகிற கப்பல் மூக்கை மேடைப் பக்கம் கொஞ்சமாகச் சாய்த்து மெல்ல ஒதுங்க வேண்டும். சாய்வு கூடினால் வெள்ளம் வெளிப்பக்கத்தில் அடித்துக் கப்பலை மேடையின் மேலேயே கொண்டு போய் மோதிவிடும். அப்படிக் கூடும்போது டக் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். எப்போது இழுப்பது என்பதைப் பைலட்தான் சொல்வார். சொன்ன பிறகு இழுக்காவிட்டால் குற்றம். சொல்லாமல் இழுத்தாலும் குற்றம்.

லியாண்டர் ரேடியோவை எடுத்தான். "மிஸ்டர் ஆன்சில், மூக்கு ரொம்ப உள்ள போகுது. இழுக்கட்டுமா?"

"நான் சொல்றப்ப இழு."

ஆப்ரி அப்போது காப்பிக் கோப்பையோடு பக்கத்தில் நின்றிருந்தான். மேடை நெருங்குவதைப் பார்த்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மிஸ்டர் ஆன்சில், இப்ப இழுத்தாத்தான்..."

"கப்பல் உன்னோடதா என்னோடதாடா? சொல்றப்ப இழுன்னேன்ல!"

அவர் சொன்னார். சொன்னபோது மேடையில் நின்றவர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். "இழு! முழுசா இழு!" என்று ரேடியோ அலறியது. மிஸ் யூலலி முழு வேகத்தில் இழுத்தது, கயிற்றிலிருந்து தண்ணீர் தெறித்தது, பயனில்லை. கப்பலின் மூக்கு மேடை முனையை உடைத்துக்கொண்டு உள்ளே போனது. கயிறு வாங்கிக் கட்டுகிற ஹெர்மன் ஹிங்கிள் என்பவன் ஓடி முடிக்கவில்லை. உடைந்த உத்திரம் அவன் வலது காலில் விழுந்தது. உயிர் பிழைத்தான். முழங்காலுக்குக் கீழே கால் இருக்கிறது என்றுதான் பெயர், வேலைக்கு உதவாது.

ஆன்சிலின் பேரில் ஏற்கெனவே இரண்டு விபத்துகள் பதிவாகியிருந்தன. மூன்றாவது என்றால் உரிமத்தைப் பிடுங்கிவிடுவார்கள். அப்போதெல்லாம் ரேடியோ பேச்சைப் பதிவு செய்கிற வழக்கம் இல்லை. கிரேக்கக் கேப்டனுக்கு எங்கள் ஊர்ப் பேச்சு பாதி விளங்காது. அவர் வேறு மேடையில் சோளத்தை ஏற்றிக்கொண்டு போயே விட்டார். கப்பலும் டக்கும் தங்களுக்குள் பேசுகிற அலைவரிசையை வேறு யாரும் கேட்பதில்லை. பேசியது இரண்டு பேர், கேட்டது ஆப்ரி.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து மதியச் சாப்பாட்டு நேரத்தில், லியாண்டரின் வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்தால் ஆன்சில் ரேகஸ். பைலட்டுகள் கதவைத் தட்டி லியாண்டர் பார்த்ததே இல்லை. அவர்கள் கதவை இவன் தட்டியிருக்கிறான். ஆன்சில் வேட்டைச் சட்டையும் ரப்பர் பூட்ஸுமாக உள்ளே வந்து, வெர்னா வைத்த சிவப்பு பீன்ஸையும் சோற்றையும் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிறகுதான் பேச்சை எடுத்தார்.

"லியாண்டர், எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. நாளன்னிக்கு நீ ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சிடும்பா."

"என்ன வார்த்தை, மிஸ்டர் ஆன்சில்?"

"எஞ்சின் திக்கிச்சு. நான் சொன்னது நேரத்துக்கு வந்துச்சு, எஞ்சின்தான் அரை நிமிஷம் எடுக்கல. அவ்வளவுதான். டக் கம்பெனிக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். யாருக்கும் நஷ்டமில்ல."

"ஹெர்மன்..."

"ஹெர்மனுக்கு நாங்க பாத்துக்கறோம். உன் விஷயத்தையும் பாத்துக்கறோம். மே மாசம் பதினாலு ஓட்டு நான் கொண்டாரேன். என் மனைவி பெட்டியத் தூக்கினவன்டா நீ. உன்னை விட்டுடுவேனா?"

அவர் போன பிறகு லியாண்டர் மேசையருகிலேயே உட்கார்ந்திருந்தான். சமையலறையில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வெர்னா வந்து அவர் தட்டை எடுத்தாள்.

"கவனிச்சியா? கேக்க வந்தவன் கோட்டுப் போடாம வந்தான்."

"அவர் எதுக்குடி கோட்டுப் போடணும்?"

"கேக்க வர்றவன் கோட்டுப் போட்டுத்தானே வரணும்? இந்த ஆத்தங்கரை வழக்கம் அதுதானே? இவன் கேக்க வரல லியாண்டர், வாங்கிட்டுப் போக வந்தான்."

அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருஷம் பாத்திரம் தேய்த்தவள். அதனால் அவளும் அதற்கு மேல் தடுக்கவில்லை. இதைப் பிற்பாடு அவளே சொன்னாள்.

மறுநாள் ஆப்ரியிடம் சொன்னான். ஆப்ரி கையிலிருந்த துணியைக் கீழே எறிந்தான்.

"என் எஞ்சின் திக்கிச்சா? பதினஞ்சு வருஷத்துல ஒரு தடவை திக்கியிருக்கா சொல்லு? எஞ்சின் திக்கிச்சுன்னா என்னைத்தான் முதல்ல தூக்குவாங்க. எனக்கு மூணு பொண்ணுடா."

"வேற வழி இல்லடா ஆப்ரி."

"பொய்யிதான் சொல்லணும்னா உன் மேல சொல்லிக்க. என் எஞ்சின் மேல சொல்லாத."

லியாண்டர் அப்படியே செய்தான். அங்கேதான் அவன் தப்புப் பண்ணினான். எஞ்சின் மேல் சொல்லியிருந்தால் ஒரு கடிதத்தோடு போயிருக்கும். ஆனால் சிநேகிதன் வயிற்றில் அடிக்க அவனுக்கு மனசு வரவில்லை. விசாரணை நாளன்று கோட்டைப் போட்டுக்கொண்டு போய், பைபிள் மேல் கை வைத்துச் சொன்னான்: "ஆர்டர் நேரத்துக்கு வந்துச்சு. பக்கத்துல ஒரு பார்ஜ் போச்சு, அதைப் பாத்துட்டு இருந்துட்டேன். இழுக்க அரை நிமிஷம் லேட்டாயிடுச்சு."

டக் கேப்டனின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். ஆப்ரியை யாரும் கூப்பிடவே இல்லை. ஆன்சில் நாற்காலியிலிருந்து எழுந்து, இவனைப் பார்க்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்கள் முன்னால் பார்த்தால் நன்றாக இருக்காது, அதனால்தான் என்று லியாண்டர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கம்பெனி அவனை ஒரு மாதம் படகில் ஏற்றவில்லை.

அந்த மாதத்தில் வெர்னா பெரிய பாத்திரம் நிறைய இறால் கும்போக் குழம்பு வைத்து ஹெர்மன் வீட்டுக்குக் கொண்டு போய்க் கொடுத்தாள். மறுநாள் காலை அந்தப் பாத்திரம் இவர்கள் வாசற்படியில் இருந்தது. ஒரு கரண்டிகூட எடுக்கவில்லை. மூடியின் மேல் ஈ மொய்த்தது.

"ஹெர்மன் பொண்டாட்டி கடையில நேருக்கு நேர் கேக்கறா. 'உன் புருஷன் பார்ஜ் பாத்துட்டு இருந்தாராமே, அழகா இருந்துச்சா?'ன்னு" என்றாள் வெர்னா. "எல்லாத்தையும் சொல்லிடலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டு வந்தேன்."

"மே வரைக்கும் பொறு."

"மே வந்தா அவன் காலு முளைச்சிடுமா?"

மே வந்தது. லியாண்டர் கோட்டை மாட்டிக்கொண்டு இருபத்தேழு வீட்டுக்கும் போனான். முந்தைய வருஷங்களில் வலைக்கதவுக்கு அந்தப் பக்கம் நின்று பேசி அனுப்பியவர்கள் இந்த வருஷம், "வாப்பா, உள்ள வா. வெயில்ல நிக்காத" என்றார்கள். உட்கார வைத்தார்கள். சிக்கரி கலந்த காப்பி கொடுத்தார்கள். ஒரு வீட்டில் ஆரஞ்சு கேக் வைத்தார்கள். ஒரு வயதான பைலட் இவன் கையைப் பிடித்தவர் ரொம்ப நேரம் விடவில்லை, ஆனால் முகத்தைப் பார்க்காமல் நாயைப் பார்த்துக்கொண்டே பேசினார். லியாண்டர் வீட்டுக்கு வந்து விரல் விட்டு எண்ணினான்.

"பதினாறு வெர்னா. குறைஞ்சா பதினஞ்சு. எல்லாரும் காப்பி குடுத்தாங்கடி!"

வெர்னா கோட்டை வாங்கி வெயிலில் போட்டாள். "போன வருஷம் வாசல்ல நிக்க வச்சவங்க இந்த வருஷம் எதுக்கு உக்கார வைக்கறாங்க?"

"மனசு மாறியிருக்கும்."

"இருபத்தேழு பேருக்கும் ஒரே நேரத்துலயா?"

நல்ல நாளில் இப்படிப் பேசாதே என்று அவன் சத்தம் போட்டான். அவன் அவளிடம் சத்தம் போடுவது அபூர்வம்.

ஓட்டுப் போடுவது சனிக்கிழமை பிற்பகலில். சங்கக் கட்டடத்துக்குள் பைலட்டுகள் கதவைச் சாத்திக்கொள்வார்கள். கோட்டுப் போட்டவர்கள் வெளியே ஓக் மரத்தடிப் பெஞ்சில் காத்திருப்பார்கள். யார் ஜெயித்தது என்று வாயால் சொல்கிற வழக்கம் கிடையாது. கதவு திறக்கும், இருபத்தேழு பேரும் வரிசையாக வருவார்கள், ஜெயித்தவனுக்கு ஒவ்வொருவராகக் கை கொடுப்பார்கள். முதல் கை தன் பக்கம் வரவில்லை என்று தெரிந்ததும் மற்றவர்கள் எழுந்து போய்விட வேண்டும். லியாண்டர் நான்கு முறை அப்படி எழுந்து போயிருக்கிறான்.

அன்று நான்கு பேர் பெஞ்சில் இருந்தார்கள். கதவு திறந்தது. முதல் கை டேரிலுக்குப் போனது. இரண்டாவது கை ஒரு பைலட்டின் மருமகனுக்குப் போனது. அவன் அது வரை ஆற்றில் இரண்டு வருஷம்தான் ஓட்டியிருந்தான். நான்காவது ஆள் எழுந்து போனான். லியாண்டர் எழுந்திருக்கவில்லை. ஏதோ வரிசை தவறிவிட்டது, இன்னும் ஒரு கை பாக்கி இருக்கிறது என்பது போல உட்கார்ந்தே இருந்தான். கடைசியாக ஆன்சில் வந்தார். லியாண்டர் சட்டென்று எழுந்து கையை நீட்டினான். அவர் கையைத் தொடாமல் தோளில் தட்டினார்.

"எனக்கு எத்தனை ஓட்டு, மிஸ்டர் ஆன்சில்?"

"உனக்கு ஓட்டே போடலப்பா. பட்டியல்ல உன் பேரு இல்ல. விசாரணையில கவனக்குறைவுன்னு பதிவானவங்க நிக்கக் கூடாதுன்னு ஏப்ரல்ல ஒரு விதி போட்டோம்."

"ஏப்ரல்லயா?"

"ஏப்ரல்லதான். எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு."

எல்லாரும். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவர்கள், கேக் வைத்தவர்கள், நாயைப் பார்த்துக்கொண்டே கையைப் பிடித்திருந்தவர். தெரிந்துதான் காப்பி கொடுத்திருக்கிறார்கள். அதை நினைக்க எனக்கே இன்றைக்கும் வயிறு எரிகிறது.

"என்ன நடந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்" என்றான் லியாண்டர். "உங்களுக்குத் தெரியுமே, மிஸ்டர் ஆன்சில்!"

ஆன்சில் சுற்றிலும் நின்றவர்களைப் பார்த்தார். எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்குத் தெரிஞ்சது நீ சத்தியம் பண்ணிச் சொன்னதுதான் தம்பி. ஒருத்தன் காலு போயிருக்கு. கவனம் தப்பறவன் கையில கப்பலை எப்படிக் குடுக்கறது, நீயே சொல்லு?"

சொல்லும்போது அவர் கண் கலங்கியிருந்ததாம். நடிப்பு என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மனுஷன் அதற்குள் அதை நம்பவே தொடங்கிவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"இப்பவாவது போய் உண்மையச் சொல்லு. நான் வந்து சாட்சி சொல்றேன்" என்றான் ஆப்ரி, மறுநாள் படகில்.

"பைபிள் மேல சத்தியம் பண்ணிட்டேன்டா. பொய்ச் சத்தியம்னு எழுதினா டக் லைசன்ஸும் போயிடும். அப்புறம் அப்பா மாதிரி சிப்பி அள்ளத்தான் போகணும்."

ஆனால் ஒரே ஒருவரிடம் சொன்னான். ஒரு நாள் மாலை ஹெர்மன் வீட்டுக்குப் போய், காலை நீட்டி உட்கார்ந்திருந்தவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னான். ஹெர்மன் கடைசி வரை கேட்டான்.

"ஓட்டு விழுந்திருந்தா இதை வந்து சொல்லியிருப்பியா லியாண்டர்?"

லியாண்டரால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை.

"மிஸ்டர் ஆன்சில் ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை வந்தாரு. பூ வாங்கிட்டு வந்தாரு" என்றான் ஹெர்மன். "நீ ஒரு தடவை வந்தியா? இப்ப ஓட்டு விழலன்னதும் அவர் மேல பழியத் தூக்கிப் போடறே. எந்திரிச்சுப் போயிடு. என்னால எந்திரிச்சு உன்னை வெளிய தள்ள முடியாது, அதனால சொல்றேன்."

நவம்பரில் லியாண்டருக்கு நாற்பது முடிந்தது. வெர்னா கோட்டை மடித்துப் பெட்டியில் வைத்தாள். இனி அது சாவுக்கு மட்டும். ஊரில் அவனுக்கு 'அரை நிமிஷம்' என்று பேர் வைத்தாகிவிட்டது. கடையில் மீதிச் சில்லறை வாங்கத் தாமதித்தால்கூட, "என்ன கேப்டன், பார்ஜ் ஏதாவது போகுதா?" என்று சிரிப்பார்கள். மிஸ் யூலலியில் கயிறு பிடிக்கிறவர்களும் சிரித்தார்கள், முகத்துக்கு நேராக இல்லை. லியாண்டர் முன்பெல்லாம் படகோட்டும்போது மெல்லப் பாடுவான். அதை விட்டுவிட்டான்.

அடுத்த மார்ச்சில் ஆறு மறுபடி பொங்கியது. அதே மேடை, முனையை மட்டும் புதிதாகக் கட்டியிருந்தார்கள். துருக்கிக் கப்பல் ஒன்று சோளத்துக்கு வந்தது. பைலட் டேரில், வயது இருபத்தேழு. அவன் குரல் ரேடியோவில் மாமாவின் குரல் மாதிரியே இருந்தது. மிஸ் யூலலி வெளிப்பக்க மூக்கில் கயிறு போட்டு ஒட்டி நின்றது. மேடையில் ஐந்து பேர் கயிறு வாங்க நின்றார்கள். ஹெர்மனுக்கு அங்கே ஒரு கொட்டகையில் கணக்கெழுதுகிற வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவனும் கைத்தடியோடு வாசலில் நின்று பார்த்தான்.

கப்பலின் மூக்கு உள்ளே சாய ஆரம்பித்தது. மேடையில் மோதப்போகிறது என்று ஒரு நிமிஷத்துக்கு முன்பே லியாண்டருக்குத் தெரிந்துவிட்டது. ரேடியோவில் டேரில் யாரிடமோ துறைமுகச் செய்தி விசாரித்துக்கொண்டிருந்தான். அவன் குரலில் ஒரு பதற்றமும் இல்லை. அவன் கண்ணுக்கு அது படவே இல்லை.

"கேப்டன்" என்றான் ஆப்ரி.

"தெரியுது."

"சொல்லேன்டா அவன்கிட்ட."

போன வருஷம் இரண்டு முறை வாயால் சொன்னவன்தான் லியாண்டர். இந்த முறை வாயைத் திறக்கவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். ஆணை வரட்டும் என்று காத்திருந்தான் என்றுதான் எழுதுவார்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. டேரிலின் முதல் வருஷத்திலேயே, ஆன்சிலின் ரத்தத்தின் பேரில், ஊர் பார்க்க ஒரு விபத்து விழும். லியாண்டர் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டான். அவன் அப்படி வைத்ததைப் பார்த்து ஆப்ரியின் முகம் வெளுத்துப் போனது.

மேடையில் ஹெர்மன் ஏதோ கத்தினான். கைத்தடியை ஆட்டினான். அவனால் ஓட முடியாது.

லியாண்டரின் கை எழுந்து எஞ்சின் பிடியைப் பின்னால் தள்ளியது. ஆணை வரவில்லை, இவன் கேட்கவும் இல்லை. மிஸ் யூலலி முழு வேகத்தில் இழுத்தது. கயிறு விறைத்தது, கப்பலின் மூக்கு ஆடி அசைந்து வெளியே திரும்பியது, மேடைக்கும் அதற்கும் நடுவே ஒரு ஆள் படுக்கிற அளவு தண்ணீர் நின்றது. பிறகு கப்பல் மெல்ல வந்து மேடையோரம் உட்கார்ந்தது. ஐந்து பேரும் கயிற்றை வாங்கிக் கட்டினார்கள்.

ஆப்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீ பைலட்டுடா" என்றான். "எவன் என்ன எழுதினாலும்."

அப்போதுதான் ரேடியோ பேசியது. கப்பலும் டக்கும் மட்டும் பேசுகிற அலைவரிசையில் இல்லை, மேடையும் ஆற்றிலுள்ள எல்லாப் படகும் கேட்கிற பொது அலைவரிசையில்.

"மிஸ் யூலலி, யாரு உங்களை இழுக்கச் சொன்னது? கப்பலை நான் அழகா உக்கார வச்சிட்டு இருந்தேன். இதை நான் எழுத்துல குடுக்க வேண்டியிருக்கும்."

லியாண்டர் ரேடியோவைக் கையில் வைத்திருந்தான்.

"போன வருஷம் அரை நிமிஷம் லேட்டா இழுத்தீங்க, ஒருத்தன் காலு போச்சு" என்றது டேரிலின் குரல். கோபமாகக்கூட இல்லை, சின்னப் பையனுக்குச் சொல்வது போல இருந்தது. "இந்த வருஷம் சொல்றதுக்கு முன்னாடியே இழுக்கறீங்க. உங்களுக்கு எப்பத்தான் கேப்டன் நேரம் தெரியப்போகுது?"

மேடையில் யாரோ சிரித்தார்கள். கொட்டகை வாசலில் ஹெர்மன் சிரிக்கவில்லை. இந்தப் பக்கம் திரும்பாமல், தடியை ஊன்றி உள்ளே போனான். ஆப்ரி ரேடியோவைப் பிடுங்கக் கை நீட்டினான். லியாண்டர் கொடுக்கவில்லை.

"சரி, பைலட்" என்றான்.

பிறகு கையைப் பிடியில் வைத்துக்கொண்டு, கயிற்றை அவிழ்க்கச் சொல்லி டேரில் ஆணையிடுகிற வரைக்கும் காத்திருந்தான்.